திருவண்ணாமலை ஏன் 'ஜங்ஷன்' இல்லை?

கிரிவலத்துக்கு ரயில்ல வர்றவங்க கவனிச்சிருப்பீங்க. பாதையோட ஒரு முனையில 'விழுப்புரம் சந்திப்பு', மறுமுனையில 'காட்பாடி சந்திப்பு'. நடுவுல நம்ம ஊர்ப் பலகையில வெறும் 'திருவண்ணாமலை'. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் வர்ற ஊருக்கு ஏன் அந்தப் பட்டம் இல்லை?

ஏன்னா, அது பட்டமே இல்லை. சந்திப்புன்னா வேற வேற திசைப் பாதைகள் கூடிப் பிரியற இடம். கூட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

அமெரிக்காவுல கணக்கு வேற. அங்க நிறைய ஊர்கள்ல 'யூனியன் ஸ்டேஷன்' இருக்கும். தொழிற்சங்கம்னு நினைச்சிடாதீங்க. போட்டி போட்ட ரயில் கம்பெனிகள் சேர்ந்து ஒரே நிலையத்தைப் பயன்படுத்தினதால வந்த பேர். 1853ல் இண்டியானாபொலிஸ் நகரத்துல அப்படி ஒரு நிலையம் வந்தது. ஆக, அங்க பேர் சொல்றது யார் யார் பங்காளிங்கறதை. இங்க சொல்றது பாதை எங்க கூடுதுங்கறதை.

மெட்ராஸ்ல கம்பெனிகள் அப்படிச் சேரலை. மெட்ராஸ் ரயில்வே 1873ல் சென்ட்ரலைக் கட்டினது. தென்னிந்திய ரயில்வேக்கு 1908ல் எழும்பூர் நிலையம் வந்தது. மூட்டையைத் தூக்கிக்கிட்டு நாம இன்னைக்கும் ரெண்டுக்கும் நடுவுல அலையறதுக்கு அந்தப் பழைய பிரிவினைதான் காரணம்.

காட்பாடியில ரெண்டு கம்பெனிப் பாதையும் சந்திச்சது, ஆனா ஒட்டலை. ஒண்ணு 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. விழுப்புரத்துல இருந்து நம்ம ஊர் வழியா போனது 1,000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். பொருந்தாத சார்ஜர் மாதிரிதான். ஆளும் சரக்கும் இறங்கி, வண்டி மாறணும். 1951ல் கம்பெனிகள் இணைஞ்சு தெற்கு ரயில்வே ஆனது. ஆனா நம்ம பாதை அகலமானது இந்த நூற்றாண்டுலதான்.

இப்போ நம்ம ஊர்க் கதை. செஞ்சி வழியா திண்டிவனம்–திருவண்ணாமலை புதுப்பாதை, சுமார் 70 கிலோமீட்டர். 2006-07லேயே அறிவிச்சாச்சு. அது வந்தா மூணாவது திசை திறக்கும், பலகையில 'சந்திப்பு' ஏறும். அதுவரைக்கும் சென்னைக்குப் போற ரயில் காட்பாடியையோ விழுப்புரத்தையோ சுத்தித்தான் போகணும். பலகையில விடுபட்டிருக்கிற அந்த ஒரு வார்த்தை, வராத ஒரு பாதையோட கணக்கு. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!