களஞ்சியமும் கணக்கேடும்: திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இடர்க்காலப் பிள்ளைகள் பராமரிப்பு

பஞ்சம், போர், வெள்ளம், தீ ஆகியவை நேர்ந்த நாட்களில் திருச்சபை ஆற்றிய இரக்கத் தொண்டைப்பற்றி நம் சபை வரலாறுகள் குறைவின்றிப் பேசுகின்றன. கஞ்சி வார்த்ததும், துணி வழங்கியதும், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் அக்கஞ்சிக்கான அரிசி எப்போது வாங்கிச் சேர்க்கப்பட்டது என்பதையும், சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகள் பின்னர் என்ன ஆயினர் என்பதையும் அவை அரிதாகவே சொல்லுகின்றன. இவ்விரு வினாக்களையும் மலைக்கோட்டையைச் சூழ்ந்த காவிரி நாட்டின் வரலாற்றிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இடர் வந்தபின் எழும் இரக்கம் இன்றியமையாதது; எனினும் பிள்ளைகளைப் பிழைக்கவைப்பதற்கு அது மட்டும் போதியதன்று. இடருக்கு முன்னே நிரம்பிய களஞ்சியமும், இடருக்குப் பின்னும் மூடப்படாத கணக்கேடும் அதற்குத் துணைநிற்றல் வேண்டும் என்பது நாம் காணும் முடிவு.

1. கோட்டைக்குள் ஓர் அநாதைப் பள்ளி

ஜெர்மனி நாட்டு ஹாலேயில் பயின்று 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர், 1762இல் திருச்சிராப்பள்ளியில் ஊழியத்தைத் தொடங்கினார். அவர் வந்த சிறிது காலத்திற்குள் கோட்டையிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. பலர் மாண்டனர், படைவீரரின் பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். இப்பிள்ளைகளுக்காக ஐயர் ஏற்படுத்திய பள்ளியே பிற்காலத்தில் பிஷப் ஹீபர் பெயரால் விளங்கும் கல்வி நிலையங்களுக்கு வித்தாயிற்று.

இப்பள்ளியின் தொடக்க வரலாற்றில் நம் கவனத்திற்குரியது ஒன்றுண்டு. கோட்டைத் தளபதியாயிருந்த மேஜர் பிரெஸ்டன் இதற்குப் பேருதவி செய்தார். ஆயின் 1764இல் மதுரை முற்றுகையில் அவர் மடிந்தார். அதே முற்றுகையில் காயமுற்றோர்க்கும் பிணியாளர்க்கும் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயருக்கு ஆற்காட்டு நவாப் முகமது அலி வெகுமதி ஒன்று அளித்தார். அத்தொகையை ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கே செலவிட்டார். தெப்பக்குளத்தருகே இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766இல் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது, பள்ளி தன் முதல் புரவலரை இழந்தும் நடந்துகொண்டிருந்தது. வெடிவிபத்தின் புகை சில நாட்களில் அடங்கியிருக்கும். ஐந்து வயதில் தந்தையை இழந்த பிள்ளைக்கோ இன்னும் பத்து ஆண்டுகள் சோறும் கல்வியும் தேவை. ஒரு கொடையாளர் மறைந்தால் அடுத்த தொகை எங்கிருந்து வரும் என்று சிந்தித்தவர் இருந்ததாலேயே அப்பள்ளி நிலைத்தது.

இங்கு ஒரு குறையையும் மறைத்தலாகாது. முதலில் கவனிக்கப்பெற்றவர் கோட்டைப் படையைச் சார்ந்த பிள்ளைகள். அப்படையினர் சென்று போரிட்ட ஊர்களில் அநாதைகளான பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு எதனையும் நாம் காணவில்லை. எவருடைய பிள்ளைகள் கண்ணுக்குப் புலப்படுகின்றனர் என்ற வினா இடர்க்காலப் பணியில் என்றும் எழுவதாகும்.

2. மலிவான நாளில் வாங்கிய அரிசி

1778இல் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் தங்கி ஊழியம் செய்யத் தொடங்கினார். 1780இல் ஹைதர் அலிக்கும் கம்பெனியாருக்கும் போர் மூண்டது. மைசூர்ப் படை காவிரி நாட்டிற்குள் புகுந்தது, வயல்கள் பாழாயின, குடிமக்கள் கோட்டை நகரங்களை நோக்கி ஓடிவந்தனர். தெருக்களில் மக்கள் பசியால் மடிந்தனர்.

இப்பஞ்சத்தில் ஐயர் பலரைப் போஷித்தார் என்பது நாம் அறிந்ததே. அவரால் அது எவ்வாறு இயன்றது என்பதே நாம் கற்கவேண்டியது. போர் வருமுன், அரிசி மலிவாயிருந்த காலத்தில், ஏறத்தாழ 12,000 புஷல் அரிசியை அவர் வாங்கிச் சேர்த்துவைத்திருந்தார்.  பஞ்சம் முற்றிய நாளில் அதே பணத்திற்குச் சிறுபங்கேனும் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. உபதேசியார்களும், பள்ளிப் பிள்ளைகளும், வாசலில் வந்து நின்ற ஏழைகளும் இக்களஞ்சியத்தால் பிழைத்தனர்.

அதே காலத்தில் நிகழ்ந்த வேறொரு செய்தியை ஐயர் 1794இல் எழுதிய கடிதமொன்றில் குறித்துள்ளார். தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை, வெளியூர்களில் இருந்தது, ஆனால் அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்னர் மாடும் நெல்லும் கொடுத்த குடியானவர்களுக்கு உரிய விலை கிடைக்காமையால் அவர்கள் அரசாங்கத்தின் சொல்லை நம்ப மறுத்தனர். ஐயர் தாமே ஊர்தோறும் கடிதம் அனுப்பி, மாடு எதிரியிடம் அகப்பட்டாலும் விலையைத் தம் கையாலே தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. நம்பிக்கையும் ஒரு சேமிப்பே என்பதை இச்செய்தி காட்டுகிறது. குடியானவர் அவர் சொல்லை நம்பியது அன்று காலை பிறந்த நம்பிக்கையன்று. ஆண்டுக்கணக்கில் அவர் கணக்குத் தீர்த்து நடந்துகொண்டதன் விளைவு.

அப்போரில் தஞ்சை நாட்டிலிருந்து 12,000 பிள்ளைகள் மைசூர்ப் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர் என்றொரு செய்தியும் ஐயர் பெயரால் வழங்குகிறது. போர்க்காலத்தில் எழுதப்படும் இத்தகைய முழு எண்களை அப்படியே ஏற்பது வரலாற்று மாணவர்க்கு அழகன்று. ஆனால் எண் மிகையாயினும் துயரம் பொய்யாகாது. கொண்டுசெல்லப்பட்ட பிள்ளை எவ்வூரைச் சேர்ந்தது, பெயர் என்ன, தாய் யார் என்ற பதிவு இருந்திருப்பின், போர் முடிந்தபின் தேடுவதற்கு வழி இருந்திருக்கும். தொகை மட்டும் எஞ்சி, பெயர்கள் அழிந்துபோயின.

3. மன்னர் எழுதிய விதிமுறை

இத்தகைய பராமரிப்பு மிஷனெரிகளோடு தோன்றியது என்று கருதுவது தவறு. சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தஞ்சை நாட்டுச் சத்திரங்களைப்பற்றி 1801இல் கம்பெனியாரின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்று. இச்சத்திரங்களைத் தம் முன்னோர் வழிவந்த அறமாகவே மன்னர் அதில் எடுத்துரைக்கிறார்.

அக்கடிதத்தில் அநாதைப் பிள்ளைகளைப்பற்றிய பகுதி வியப்பளிப்பது. சத்திரத்திற்கு வரும் அந்நியருடைய பிள்ளைகள் பெற்றோரை இழந்தவராயின் பள்ளி ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்படுவர். நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கொருமுறை எண்ணெய் முழுக்கு, நோயுற்றால் மருந்து, உடுக்க உடை, விரும்பிய கலையில் பயிற்சி, தேர்ச்சி பெற்றபின் திருமணச் செலவும் சத்திரத்தினுடையது. இன்று பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் குறைந்தபட்சப் பராமரிப்பு அளவை என்று வகுப்பதன் சாயலை இதில் காண்கிறோம். பொறுப்பாளர் யார், உணவு எத்தனை வேளை, பொறுப்பு எப்போது முடிகிறது என்ற மூன்றும் தெளிவாக உள்ளன. பிள்ளை தன் காலில் நிற்கும் நாளே அப்பொறுப்பு முடியும் நாள்.

4. அளந்து பார்த்தவர்கள்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, பொருளியல் அறிவு மிக்க அரசாங்கம் ஒன்று எவ்வாறு தவறமுடியும் என்பது வெளிப்பட்டது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலைத்தலங்களில் உழைக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். பிள்ளைகளுக்கு அதினும் குறைவே. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் இதை எதிர்த்தார். அவர் கருவியாகக் கொண்டவை உணவின் சத்தைப்பற்றிய மருத்துவ அறிவும் மரணக் கணக்குகளும் ஆகும். அதே ஆண்டிலேயே சென்னை அரசு படியை உயர்த்தவேண்டியதாயிற்று. பஞ்ச ஆணைக்குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. மழை பொய்த்தது, விலை ஏறியது, மக்கள் ஊர்விட்டு அலைகின்றனர் ஆகிய அறிகுறிகளைக் கண்டவுடனே அலுவலர் செய்யவேண்டியவை அவற்றில் முன்கூட்டியே வகுக்கப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு மேலும் வளர்ந்தது. முதல் உலகப் போருக்குப்பின் பகை நாட்டுப் பிள்ளைகளும் பிள்ளைகளே என்று வாதாடிய எக்லன்டைன் ஜெப் அம்மையாரின் முயற்சியால், இடர் நேரத்தில் முதலில் உதவி பெறவேண்டியது குழந்தையே என்ற கொள்கையை 1924இல் ஜெனீவா பிரகடனம் ஏற்றது. நம் மாநிலத்தில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துச் சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை தளர்ந்த குழந்தையை இனங்கண்டு துணையுணவு அளித்தனர். 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊர்தோறும் ஓர் அடுப்பும், ஒரு சமையலாளும், பிள்ளைகளின் வருகைப் பதிவேடும் அமைந்தன. நாள்தோறும் சோறு வடிக்கும் இடம் பேரிடர் நாளில் புதிதாகத் தொடங்கவேண்டியதில்லை.

5. 2004: ஓராண்டில் மூன்று பாடங்கள்

2004ஆம் ஆண்டை நாம் எளிதில் மறக்கலாகாது. ஜனவரி 23ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப்பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீற்றுக்கூரையின் கீழ் கூட்டம் கூடினால் என்ன நேரும் என்பதை அத்தீ யாவர்க்கும் காட்டிற்று. ஆறு மாதம் கழித்து, ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவிற்று. குறுகிய வழியில் இறங்க இயலாமல் 94 பிள்ளைகள் மடிந்தனர். பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்றும் ஆணை அதன் பின்னரே வந்தது.

பிள்ளைகளுக்குச் சோறாக்கிய அடுப்பே அவர்களுக்கு யமனாயிற்று என்பது நம் நெஞ்சை உறுத்தவேண்டும். நல்ல பணியும் கண்காணிப்பு இன்றேல் கேடாகும். ஸ்ரீரங்கத்துத் தீயின் மறுநாளே, ‘நம் பிள்ளைகள் எத்தகைய கூரையின்கீழ் அமர்ந்திருக்கின்றனர்?’ என்று ஒவ்வொரு பள்ளித் தாளாளரும் கேட்டிருந்தால் போதும். அவ்வினாவிற்குப் பெரும்பணம் தேவையில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவிப் பொருள்கள் மலையெனக் குவிந்தன. சாலையோரத்தில் துணிகள் சீந்துவாரின்றிக் கிடந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளை உடனே அழைத்துச்செல்ல விரும்பியோர் பலர். தமிழக அரசு அவ்வாறு தத்தெடுப்பதைத் தடுத்து, பிள்ளைகளைப் பதிவுசெய்து, அரசு இல்லங்களை ஏற்படுத்தியது. அநாதைப் பிள்ளைகளின் பெயரில் வைப்புநிதியும் இட்டது. சிலர் அந்நாளில் இதனைக் கடுமை என்றனர். ஆனால் அலையில் பிரிந்த தந்தையோ பாட்டியோ மறுவாரம் முகாமில் தேடிவரக்கூடும். பிள்ளைகளைக் கடத்துவோரும் இரக்க முகத்தோடே வரக்கூடும். 1780களில் இல்லாத பெயர்ப் பதிவு இம்முறை இருந்தது.

6. சபைக்கு உரிய கடமை

யோசேப்பு எகிப்தில் செய்த ஊழியத்தைப்பற்றி நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அவன் கனவுக்குப் பொருள் சொன்னதை விரித்துரைக்கும் நாம், செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் ஊர் ஊராகத் தானியம் அளந்து சேர்த்ததைச் சுருக்கமாகவே கூறிச்செல்கிறோம். ஆதிச் சபையிலும் விதவைகளின் விசாரணையில் சிலர் விடுபட்டனர் என்ற முறையீடே ஏழுபேரைத் தெரிந்துகொள்ளக் காரணமாயிற்று. விடுபட்டவர் யார் என்று தேடுவது ஆவிக்குரிய ஊழியத்திற்குப் புறம்பானதன்று என்பதை அப்போஸ்தலர் உணர்ந்திருந்தனர்.

காவிரி, கொள்ளிடக் கரைகளிலும் கடலோரத்திலும் ஊழியம் செய்யப்போகும் மாணவர்க்கு நாம் முன்வைப்பவை சிலவே. சேகரத்தின் எல்லைக்குள் வாழும் பிள்ளைகள் யாவரையும், சபையார் பிள்ளைகள் மட்டுமல்லாது, ஊர் பெயரோடும் பெற்றோர் பெயரோடும் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். அதன் படியொன்றை மேடான இடத்தில் காப்பது நன்று. மழைக்காலத்திற்கு முன் பால்மாவும், அரிசியும், மருந்தும் சேர்த்துவைக்கலாம். ஆண்டுக்கொருமுறை பள்ளியின் கூரையையும், அடுப்பையும், படிக்கட்டையும் நேரில் பார்த்து எழுதலாம். இடர் நேர்ந்தபின், உதவிபெற்ற பிள்ளையை ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும், அதன்பின் ஆண்டுதோறும் கண்டு, உண்கிறதா, கற்கிறதா, யாருடன் வாழ்கிறது என்று குறிக்கலாம்.

நிவாரணப் பொருள்கள் வழங்கப்படுகையில் எடுக்கும் புகைப்படங்கள் நம் ஆண்டறிக்கைகளில் நிறைந்திருக்கின்றன. அப்படங்களில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை அடுத்த ஆண்டறிக்கையில் எழுத நம்மால் இயலுமா என்பதைச் சேகரக் கமிட்டிகள் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆலோசிப்பது நலம்.