உயர்பதவிகளும் பதிவுவழிக் குடியுரிமையும்

பிறப்பால் அன்றி, பதிவின் மூலமோ நெடுநாள் வசித்தோ குடியுரிமை பெற்றவர்களை நாட்டின் தலைமைப் பதவிகளிலிருந்து விலக்கும் சட்டத்தடை சில நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 1787-இல் வரையப்பட்ட அரசியலமைப்பிலேயே குடியரசுத் தலைவர் பதவிக்கு இத்தடை உண்டு. இந்தியாவில் இது கோரப்பட்டதே தவிர, சட்டமாகவில்லை.

பதவித் தகுதிக்குத் தமிழகத்தின் பழஞ்சான்றான உத்திரமேரூர்க் கல்வெட்டு (முதலாம் பராந்தகன் காலம், 10ஆம் நூற்றாண்டு) ஊர்ச்சபை வாரியப் பெருமக்களுக்கு வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது, கல்வி ஆகியவற்றை விதிக்கிறது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் விலக்குகிறது. பிறந்த ஊரை அது கேட்கவில்லை.

இந்திய அரசியலமைப்பின் 58ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் இந்தியக் குடிமகனாகவும் 35 வயது நிரம்பியவராகவும் இருக்கவேண்டும் என்கிறது. குடியுரிமை வந்த வழியைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிவினையின் நிழலில் எழுதப்பட்ட 6ஆம் பிரிவு, பாகிஸ்தான் பகுதியிலிருந்து 1948 ஜூலை 19-க்கு முன் வந்து குடியேறியவர்களைக் குடிமக்களாகவே கருதியது. அன்றோ அதற்குப் பிறகோ வந்தவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1999 மே மாதம் காங்கிரஸில் சரத் பவார், பி.ஏ. சங்மா, தாரிக் அன்வர் மூவரும், குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் பதவிகளைப் பிறப்புவழிக் குடிமக்களுக்கே உரியதாக்கும் திருத்தத்தைக் கட்சி முன்மொழிய வேண்டும் என எழுதினர். இத்தாலியில் பிறந்து, 1983-இல் பதிவின் மூலம் இந்தியக் குடியுரிமை பெற்ற சோனியா காந்தியே அப்போது கட்சித் தலைவர். மூவரும் நீக்கப்பட்டு, தேசியவாத காங்கிரஸைத் தொடங்கினர். பவாரின் நோக்கம் கொள்கையா, தலைமைப் போட்டியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அரசியலமைப்புச் செயற்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002-இல், இத்தடை தேசிய அளவிலான கலந்துரையாடலுக்குப் பின் அரசியல் வழியில் ஆராயப்பட வேண்டியது என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2004 தேர்தலில் ஜெயலலிதா, சோனியா அந்நியர் என்ற வாதத்தை எழுப்பினார். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் காங்கிரஸும் இடம்பெற்ற தி.மு.க. அணி வென்றது. இதற்கு வேறு காரணங்களையே பலர் முதன்மையாகச் சொல்கின்றனர். நாடளவில் காங்கிரஸ் அணி ஆட்சியமைக்கும் நிலையில் சோனியா பிரதமர் பதவியை ஏற்க மறுக்க, இன்று பாகிஸ்தானில் உள்ள காஹ் கிராமத்தில் பிறந்த மன்மோகன் சிங் பதவியேற்றார். மறுப்புக்குக் காரணம் சோனியா சொன்ன மனச்சாட்சியா, எதிர்ப்பின் அழுத்தமா என்பது முடிவாகவில்லை.

தடை வந்திருந்தால் அது சோனியா ஒருவரோடு நின்றிருக்குமா என்பது, சட்டத்தின் சொற்களைப் பொறுத்தது. இலங்கையுடனான 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை ஏற்க இந்தியா ஒப்பியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் குடியுரிமை இழந்த அவர்கள், பதிவின் மூலமே இந்தியர் ஆயினர். பலர் தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடவுச்சீட்டும் குடும்ப அட்டையுமாகக் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு பெயரிட்ட இம்மக்களைப் பற்றி 1999-ஆம் ஆண்டு விவாதம் பேசவே இல்லை என்று சொல்லலாம்.

இலங்கையில் தடை இரட்டைக் குடியுரிமை பற்றியது. அதை 2015-இல் 19ஆம் திருத்தம் கொண்டுவந்தது. 2020-இல் 20ஆம் திருத்தம் நீக்கியது. 2022 அக்டோபரில் 21ஆம் திருத்தம் மீட்டது.