பக்கத்துப் புஞ்சையின் ஊற்று

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில் இருமருங்கும் விரிந்து கிடக்கும் கரிசலைக் கண்டோர், இம்மண்ணையும் பொன்னையும் சேர்த்துப் பேச என்ன இருக்கிறது என்று வினவக்கூடும். பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் வானத்தை நம்பி விளையும் பூமி இது. குண்டாறு பெயரால்தான் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி அது மணற்பரப்பு. மண்ணுக்கடியிலிருந்து இவ்வட்டாரம் வழங்கும் செல்வம் பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல். அது சிமெண்டு ஆகும், பொன் ஆகாது.

ஆயினும், பொன் தேடும் தொழிலின் முதற்பாடத்தை இக்கரிசற்காட்டுச் சம்சாரி எவருக்கும் முன்பே அறிந்தவர். ஒருவர் தம் புஞ்சையில் கிணறு வெட்டுகிறார். கரிசலும் சுக்கானும் கடந்து, பாறையில் வெடி வைத்து இறங்கும்போது ஊற்றுக்கண் திறந்து விடுகிறது. மறு கோடையில் பக்கத்துப் புஞ்சைக்காரர் வீட்டு நகைகளை அடகு வைத்துத் தாமும் வெட்டத் தொடங்குகிறார். இரு மடங்கு ஆழம் சென்றும் வறண்ட பாறையே எதிர்ப்படுகிறது. இருவருக்கும் இடையில் இருப்பது ஒரே வரப்புத்தான். ஆனால் நீரைச் சுமந்து செல்லும் பாறை வெடிப்பு வரப்பைக் கேட்டு ஓடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரத்துச் செல்வர்கள் பெருஞ்செல்வத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே. அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைப்போம்.

அதற்குமுன் ஒரு சொல். பாண்டி நாடு பொன்னையே காணாத நாடென்று கொள்ளற்க. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வளைகுடாவிலிருந்து மஃபர் கரையில் வந்திறங்கிய குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை பேசப்பட்டதைக் குறித்து வைத்துள்ளார். சொல்லத்தக்க சுரங்கம் ஒன்றும் இல்லாத நாடு அத்தனை பொன்னை அள்ளிக் கொடுத்தது. குதிரைகளோ வளர்க்கும் முறை அறியாமையால் விரைவில் மாண்டன என்று அவரும் மார்க்கோ போலோவும் ஒருங்கே எழுதுகின்றனர்! பாண்டியர் பொன் கடல் வழியே வந்து கடல் வழியே சென்ற பொன். மண்ணைத் தோண்டி எடுத்த பொன்னின் கதைக்கு நாம் வடக்கே, கோலாருக்குச் செல்லவேண்டும்.

1802ஆம் ஆண்டில் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் படை அலுவலர், அங்கே பொன் கிடைப்பதாக ஊரார் பேசிக்கொள்வதைக் கேள்வியுற்றார். பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊர்மக்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டு வந்து அவர் கண்முன்னேயே அரித்து, பொற்றுகளைக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஏழை எளியோர் குறுகிய குழிகளில் இறங்கிக் கல்லை உடைத்துக் கொணர்வதையும், பெண்கள் அதனைப் பொடி செய்வதையும் அவர் கண்டார். கோலார்த் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்கு நூல்கள் வாரனையும் லவேலையும் கூறும். நாம் அக்குழிகளில் இறங்கிய பெயரறியா மக்களையே முதலில் கூறுவோம்.

நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வு பெற்று வந்து பெங்களூரில் தங்கிய மைக்கேல் லவேல், வாரனின் பழைய குறிப்பைப் படித்து, 1871இல் மாட்டு வண்டியேறிக் கோலார்ப் பக்கம் சென்றார். 1873இல் மைசூர் அரசிடம் உரிமை கோரினார். உரிமை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அவ்வுரிமை கைமாறியபின், 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் மைசூர்ச் சுரங்கத்தில் இறங்கினர். மூன்று நான்கு ஆண்டுகளில் மூலதனம் ஏறத்தாழக் கரைந்தது. பங்குதாரர் பலர் மூடிவிடச் சொல்லினர். எஞ்சிய சிறு தொகையுடன் அனுப்பப்பட்ட பிளம்மர் என்பார், முன்னோர் விட்டுச்சென்ற பழங்குழிகளின் அடியைத் தொடர்ந்து தோண்டினார். அங்கேதான் சாம்பியன் ரீஃப் என்று பின்னர்ப் புகழ்பெற்ற பொற்படிவம் அகப்பட்டது.

அதன் பின் நிகழ்ந்ததே நமது கிணற்றுக் கதை. மைசூர்ச் சுரங்கத்தை அடுத்த நிலமெல்லாம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. அப்படிவம் வடக்கு தெற்காக நீண்டு செல்வது. அக்கோட்டின்மேல் அமைந்த சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் முதலியன கொழித்தன. கோட்டை விட்டு விலகியவற்றுள் பல, கூப்பிடு தூரத்தில் இருந்தும், பங்குதாரர்க்குக் காகிதத்தையே ஈந்தன. கோலார்ப் பாறைப் பட்டை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. அகலமோ ஒரு சில கிலோமீட்டரே. அதன் தென்பகுதி சித்தூர்ப் பக்கத்துப் பிசாநத்தம், சிகரகுண்டா வழியாக இறங்கி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மகாராஜகடை வரை எட்டுகிறது. புவியியலார் அங்கெல்லாம் தேடியுள்ளனர். பட்டை ஒன்றே, பாறை ஒன்றே. எனினும் இன்னொரு கோலார் எழவில்லை.

இதனினும் கொடியது வயநாட்டுக் கதை. கூடலூர், தேவாலா, பந்தலூர் என இன்று நீலகிரி மாவட்டத்தில் அடங்கும் பகுதி அது; 1877 வரை மலபாரைச் சேர்ந்திருந்தது. அங்கும் மலைவாழ் மக்கள் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்து வந்தனர். பழங்குழிகளும் ஏராளம். ஆஸ்திரேலியத் தங்க நாடான விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக விளங்கிய பிரஃப் ஸ்மித்தை இந்திய அரசு 1879இல் வரவழைத்து ஆராயச் செய்தது. அவர் அறிக்கை நம்பிக்கை ஊட்டியது. இலண்டன் பங்குச் சந்தையோ அதனைப் பத்து மடங்காக்கிக் கொண்டது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் 40 இலட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கும் மேற்பட்ட மூலதனப் பெயருடன் எழுந்தன.

அந்த ஆண்டுகளை வாசகர் கருத்திற் கொள்ளவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் அப்போதுதான் தணிந்திருந்தது. கரிசல் நாட்டு மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரை நடந்து, தோணியேறி, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர். கஞ்சித் தொட்டிச் செலவைக் கணக்குப் பார்த்த அதே ஆட்சியின் தலைநகரில், கண்டறியாத காட்டு நிலத்துக்காக இலட்சக்கணக்கான பவுன்கள் தடையின்றிக் கொட்டப்பட்டன.

அப்பணம் எங்கே சென்றது? பெரும்பகுதி பாறைக்குச் செல்லவில்லை. வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் துளைப்புழுவாலும் இலைநோயாலும் நலிந்து கிடந்த காலம் அது. நட்டத்தில் தவித்த தோட்ட முதலாளிகள், தம் நிலத்தில் பொன்பாறை ஓடுகிறதென்று சொல்லிக் கொள்ளை விலைக்குத் தள்ளிவிட்டனர். பக்கத்து எஸ்டேட்டில் பொன் தென்பட்டது என்பதே பத்திரத்துக்குப் போதிய சான்றாயிற்று! முறையாகத் தோண்டி மாதிரி எடுத்துச் சோதிக்குமுன்பே இடிப்பு எந்திரங்கள் மலையேறி வந்தன. கல்லை அரைத்துப் பார்த்தபோது டன்னுக்குச் சில கிராமே தேறியது. அங்கங்கே செறிவான துணுக்கு. அடுத்த அடியில் வெறுங்கல். மேற்பரப்பின் நல்ல பகுதியை முன்னோர் ஏற்கெனவே எடுத்துச் சென்றிருந்தனர். ஒரு சில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. எந்திரங்கள் காட்டில் துருவேறின.

பழங்குழி இருந்தமையால் கோலார் வென்றதென்று கூறவும் நமக்கு வாயில்லை. வயநாட்டிலும் அது இருந்ததே. கோலாரில் குழியின் அடி தொடர்ந்து தோண்டப்பட்டது. வயநாட்டில் குழியின் பெயர் விற்கப்பட்டது. பாறையின் இயல்பும் வேறு. ஓரிடத்து அடையாளம் மற்றோரிடத்துக்கு ஐயத்தைத் தூண்டலாம்; சான்றாகாது.

கோலாரின் பொன்னும் முடிவற்றதன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை, வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் உயிரைப் பணயம் வைத்து இறங்கியோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். ஏறத்தாழ 800 டன் பொன்னை எடுத்த பின், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் அங்கே நிற்கின்றன. அவர்களின் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

வயநாட்டு நிலம் தேயிலைக்கு மாறியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கென்று, 1968 முதல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. பழைய இராமநாதபுரம் சீமையிலிருந்து பஞ்சத்துக்கஞ்சிக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்களும் அவ்வாறு கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வந்து குடியேறினர். அவர்கள் கொழுந்து கிள்ளும் சரிவுகளின் அருகே அக்கம்பெனிகள் குடைந்த சுரங்க வாய்கள் புதர் மூடிக் கிடக்கின்றன. தடையை மீறி அவற்றுள் இறங்கிப் பொன் தேடுவோர் மண் சரிந்து மாண்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது.