ஓஸ்லோ ஃபியோர்டும் குளிர்நீர் உடையும்

நார்வேயின் தலைநகர் ஓஸ்லோ, சுமார் 100 கி.மீ. நீளும் ஓஸ்லோ ஃபியோர்டின் வடகோடியில் இருக்கிறது. நடுக்கோடையில் அதன் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸை எட்டும். சிறுவர்கள் பாய்மரப் படகுகளை இறக்கும் மே மாதத் தொடக்கத்திலோ 10 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் வெப்பத்தைக் கடத்துவதால், அந்தக் கரையில் உடையே உயிர்க்காப்பு.

அந்த உடையின் கதை, ஃபியோர்டின் கிழக்குக் கரையிலுள்ள மொஸ் நகரில் தொடங்குகிறது. கப்பல் தலைவர் ஹெல்லி யூயெல் ஹான்செனும் மனைவி மாரென் மார்கரெதேவும் 1877இல் அங்கே முரட்டு லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கான மேலுடைகள் தைத்தார்கள். மறு ஆண்டே பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. 1949இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் ஹெலாக்ஸ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் மழையுடையைக் கொண்டுவந்தது. நீரை வெளியே நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. மேல்தளத்தில் நின்றவருக்கு இவை பெரும் துணை; கடலில் விழுந்தவருக்கோ கழுத்து வழியாகவும் கை வழியாகவும் நீர் புகுந்துவிடும்.

மாற்று வழி அமெரிக்காவில் பிறந்தது. 1951-52இல் கலிபோர்னியா இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், முக்குளிப்பவரின் தோல் நனைந்தால் தவறில்லை என்று கண்டார். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரின் நுரையில் அடைபட்ட வாயுக்குமிழிகளே வெப்பத்தைக் காக்கின்றன. உள்ளே கசியும் நீர் இடம் மாறாமல் நின்றால் போதும். நீர்தான் உடலைச் சூடாக வைக்கிறது என்று பலர் இன்றும் நம்புவது பிழை. புதுக் குளிர்நீர் உள்ளே பாய்ந்துகொண்டே இருந்தால் வெட்சூட் எனப்படும் இந்த நியோப்ரீன் உடை எவ்வளவு தடித்தாலும் பயன்படாது. ஆகவே துணியின் தரத்துக்கு இணையாக அளவும் முக்கியமாயிற்று.

சிறுவர்களுக்கு அளவு இன்னும் கடுமையான கேள்வி. 2.3 மீட்டர் நீளமுள்ள ஆப்டிமிஸ்ட் படகை 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தார். 1950களில் அது டென்மார்க் வழியாக ஸ்காண்டிநேவியாவுக்கு வந்து, 15 வயது வரையுள்ளோரின் படகாக நிலைத்தது. அதில் அமர்பவர்கள் நனைவது உறுதி. எடையை ஒப்பிடும்போது சிறுவரின் தோல்பரப்பு பெரியவருடையதைவிட அதிகம் என்பதால் வெப்பம் விரைந்து இழக்கப்படும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓரளவு பெரிதாக வாங்கும் சிக்கனம் பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், வெட்சூட்டுக்குப் பொருந்தாது. கீழ்முதுகு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் பெரும்பாலும் தொய்வு விழும். சிறுவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும்: முதுகில் பை போலப் புடைத்தால் உடை பெரிது, தோளை இழுத்து மூச்சை இறுக்கினால் சிறிது. கழுத்துப்பட்டி தோலை உரசினால் பிள்ளை அணியவே மறுக்கும். அந்த மறுப்பு நியாயமானது.

மிகக் குளிர்ந்த வாரங்களில் டிரைசூட் அணிவதும் உண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டையால் நீரை வெளியே நிறுத்தும் இந்த உடையில், மொஸ் நகரத்தின் பழைய நோக்கம் முழுமை பெறுகிறது.

கொள்கலன் துறைமுகமாக இருந்த சோரெங்காவில் 2015இல் கடல் நீச்சல் தளம் திறக்கப்பட்டபின், நகரின் நடுவிலேயே சிறுவர்கள் ஃபியோர்டில் இறங்குகிறார்கள். அதே ஆண்டு மே முதல், 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது திறந்த பகுதியில் இருக்கும் அனைவரும் மிதவைச் சட்டை அணிவது நார்வேயில் கட்டாயம். நியோப்ரீன் சற்று மிதக்கும் என்றாலும், மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேல் நிறுத்தாது. எனவே வெட்சூட்டைப் போட்டுப்பார்க்கும்போதே மேலே உயிர்காப்புச் சட்டையையும் அணிவித்து, கை தடையின்றித் துடுப்பு வலிக்கிறதா என்று சரிபார்ப்பது அவசியம்.