சூதகவலியும் சமுதாய நீதியும்

மாதந்தோறும் ஓரிரு நாள் வகுப்பில் ஒரு மாணவியின் இருக்கை வெறிதாயிருக்கும். மறுநாள் அவள் கொணரும் கடிதத்தில் 'காய்ச்சல்' என்றோ 'தலையிடி' என்றோ எழுதியிருக்கும். உண்மைக் காரணத்தைப் பெற்றோர் அறிவர். ஆசிரியராகிய நாமும் அறிவோம். எனினும் அதன் பெயரை எவரும் சொல்வதில்லை. மாதவிடாயோடு வரும் கடும் வயிற்றுவலி, அதாவது சூதகவலி, பெண்ணுக்கு இயற்கை விதித்தது என்ற எண்ணமே இம் மௌனத்துக்கு அடிப்படை. இயற்கை விதித்ததென்று சொல்லப்படும் எதனையும் வரலாற்றின் ஒளியில் வைத்து நோக்குதல் வேண்டும்.

1873 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியர் எட்வேர்ட் கிளார்க் ஒரு நூலை வெளியிட்டார். மனித உடலின் சக்தி அளவானது. இளம் பெண்கள் ஆண்களைப் போல ஓய்வின்றிப் படித்தால் அச் சக்தி மூளைக்குச் சென்றுவிடும். கருப்பை நலிவுறும் என்பது அவர் வாதம். ஒரு சில நோயாளரின் கதைகளே அவர் காட்டிய சான்றுகள். ஆயினும் நூல் பல பதிப்புகள் கண்டது. பெண்கள் உயர்கல்விக்கு வாயில் திறக்குமாறு கேட்ட காலம் அது. வாயிலை மூடிவைக்க விரும்பியோருக்கு விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு தாழ்ப்பாள் கிடைத்தது. ஆலைகளிலே நாள் முழுவதும் நின்று உழைத்த பெண்களின் கருப்பையைப் பற்றி இத்தகைய கவலை எழவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இதற்கு மறுமொழி கூறியவர் மேரி புட்னம் ஜக்கோபி என்ற பெண் வைத்தியர். 1871 இல் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்; பாரிஸ் கம்யூன் எழுந்து வீழ்ந்த அவ்வாண்டில் அந்நகரிலேயே வாழ்ந்தவர். மாதவிடாயின்போது பெண்களுக்கு ஓய்வு வேண்டுமா என்ற பொருளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் நடத்திய போட்டிக்கு அவர் எழுதினார். ஆயிரம் வினாத்தாள்களை அனுப்பி, 268 பெண்களின் விடைகளைப் பெற்றார். நாடித் துடிப்பையும் உடல் வலிமையையும் அளந்தார். போசாக்குச் சீராயுள்ள பெண்ணுக்கு, மாதவிடாய் என்ற ஒன்றினாலேயே ஓய்வு கட்டாயமாவதில்லை என்று நிறுவினார். 1876 ஆம் ஆண்டுப் பரிசு, எழுதியவர் பெண் என்று அறியாமலே அவருக்கு வழங்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியோ 1945 வரை பெண்களைச் சேர்க்கவில்லை!

கல்விக்கான வழக்கில் வெற்றி கிட்டியது. ஆனால் வலி தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வாதம் மறுபுறம் திரும்பியது. பெண்மையை ஏற்க மறுக்கும் மனமே இவ்வலிக்குக் காரணம் என்று மருத்துவ நூல்களே எழுதலாயின. முன்னர் வலியை ஒப்புக்கொண்டு உரிமையை மறுத்தனர்; பின்னர் உரிமையை ஒப்புக்கொண்டு வலியை மறுத்தனர். இரண்டினாலும் சமுதாயம் தன் பொறுப்பைத் தட்டிக்கழித்தது.

உண்மை ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1957 இல் பிரித்தானிய உடற்றொழிலியல் ஆய்வாளர் வி. ஆர். பிக்கில்ஸ், மாதவிடாய்க் குருதியில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் உண்டெனக் கண்டார். அது புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வகையைச் சேர்ந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கடும் வலியுள்ள பெண்களிடம் அது மிகுந்திருப்பதை 1965 இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. இப்பொருள் மிகும்போது கருப்பைத் தசை இறுக, குருதியோட்டம் குறைந்து வலி எழுகிறது; வாந்தியும் வயிற்றோட்டமும் இதனாலேயே வரக்கூடும். 1971 இல் லண்டனில் ஜோன் வேன் என்பவர், அஸ்பிரின் போன்ற மருந்துகள் புரொஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என நிறுவினார். 1899 முதல் விற்பனையிலிருந்த மருந்தின் செயல் விளங்க எழுபதாண்டுகளுக்கு மேல் சென்றன!

இவ்வறிவின் பயன் யாது? இபுப்ரோபன், மெபனமிக் அமிலம் ஆகிய மருந்துகளை வலி முற்றும்வரை பொறுத்திராது, தொடங்கும்போதே உணவோடு உட்கொண்டால் பெரும்பாலோருக்குத் தணிவு கிடைக்கும். இரைப்பைப் புண், ஆஸ்துமா முதலியன உள்ளோர் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். அடிவயிற்றில் வைக்கும் சுடுநீர்ப் போத்தலும் பயனுள்ளதே. மருந்துக்கும் அடங்காது ஆண்டுக்காண்டு வளரும் வலியோ வேறு நோயின் அறிகுறியாகலாம். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் அவற்றுள் முக்கியமானது. பெண்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு உள்ள இந்நோய், 'பொறுத்துக்கொள்' என்ற உபதேசத்தாலேயே பல்லாண்டு கண்டறியப்படாது போகிறது.

அறிவு மட்டும் போதுமா? ஜப்பானியத் தொழிலாளர் பெண்கள் 1920களிலிருந்தே மாதவிடாய் விடுப்புக் கேட்டுப் போராடினர். 1947 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் அதனை உரிமையாக்கியது. 1948 இல் இந்தோனேசியாவும், 2023 இல் ஸ்பெயினும் சட்டம் இயற்றின. எனினும் ஜப்பானில் அவ்விடுப்பை எடுப்போர் இன்று மிகச் சிலரே. மேலாளரிடம் காரணம் சொல்லும் கூச்சமும், வேலையில் பின்தள்ளப்படுவோம் என்ற அச்சமும் சட்டத்தின் பயனைத் தடுக்கின்றன.

ஆதலின் நம் பணி வகுப்பறையிலே தொடங்குகிறது. பாடசாலையில் ஒரு படுக்கையும் சுடுநீரும் வைப்பது பெருஞ்செலவன்று. இனப்பெருக்கப் பாடத்தைப் பக்கம் புரட்டிக் கடந்து செல்லாது, மாணவருக்கும் மாணவியருக்கும் ஒருங்கே கற்பிப்பது நம் கையிலேயே உள்ளது. அந்த மாணவி கொணரும் கடிதத்தில் 'காய்ச்சல்' என்ற பொய்க்கு இடமில்லாத நாளை நாமே ஆக்குதல் வேண்டும்.