மிளகின் பெயர் தாங்கிய ஊர்

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கப்பலிறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியரின் பெயரை நம்முள் பலர் அறிவோம். தமிழ் அச்சு வரலாற்றைப் பேசுவோர் அவரைக் குறிப்பிடாது செல்வதில்லை. ஆயின் அவர் 1682இல் பிறந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

டிரெஸ்டன் மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேற்கு லவுசிட்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. இன்றும் அதன் மக்கள்தொகை எண்ணாயிரத்தை எட்டவில்லை. ஊருக்குப் பெயர் தந்த ஆற்றின் பெயரும் புல்ஸ்நிட்ஸே. காவிரியைக் கண்ட கண்ணுக்கு அஃது ஒரு வாய்க்கால் என்றே தோன்றும். அது வடமேற்கே ஓடிக் கறுப்பு எல்ஸ்டர் ஆற்றில் கலக்கிறது. கறுப்பு எல்ஸ்டர் எல்பே நதியிற் சேர்ந்து வடகடலை அடைகிறது.

சிற்றாறேயாயினும் அது நாட்டெல்லையாக விளங்கியது. கிழக்குக் கரை மேல் லவுசிட்ஸ். மேற்குக் கரை மைசன் நாடு. எனவே ஆற்றுக்கு அப்பாலிருந்த குடியிருப்பு, 'மைசன் பக்கத்துப் புல்ஸ்நிட்ஸ்' என வேறு ஊராகவே நெடுங்காலம் வழங்கிற்று. லவுசிட்ஸ் பகுதி போஹீமிய முடியாட்சியின் கீழிருந்து 1635இல் சாக்சனி ஆட்சியாளரிடம் சென்றது. ஊர்ப் பெயரோ ஜெர்மன் மொழியினதன்று. அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்த சோர்பியர் என்னும் ஸ்லாவிய மக்கள் இட்டது. சீகன்பால்கு பள்ளி சென்ற காமென்ஸ் நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் அவர்தம் மொழி இன்றும் வாழ்கிறது.

இவ்வூரின் புகழுக்குக் காரணம் ஒரு தின்பண்டம். 1558இல் இவ்வூர் ரொட்டி சுடுவோர் 'பெஃபர்கூகன்', அதாவது மிளகுப் பணியாரம், செய்யும் உரிமை பெற்றனர். தேனோ பாகோ மாவுடன் பிசைந்து, அம்மாவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊற வைத்துப் பின்னரே நறுமணப் பொருள் கூட்டிச் சுடுவர். பெயரில் மிளகு இருப்பினும் பண்டத்தில் மிளகைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். கடல் கடந்து வந்த நறுமணப் பொருள் அனைத்தையுமே அக்காலத்தார் மிளகு என்றனர். பட்டையும் கிராம்பும் ஏலமும் அச்சொல்லுள் அடங்கின. 'பெஃபர்' என்னும் சொல்லோ, திப்பிலியைக் குறிக்கும் வடசொல்லாகிய பிப்பலியினின்று கிரேக்கமும் இலத்தீனும் கடந்து சென்றதாகும். நம் நாட்டைக் கண்டிராத ஒரு சிறுவன் பிறந்து தவழ்ந்த ஊரில் நம் கரைச் சரக்கின் பெயர் முன்னரே கடைவீதியில் புழங்கியது என்பது எமக்கு வியப்பளித்தது. துணியில் பசையால் உருவச்சிட்டு, அவுரிச் சாயத்தில் தோய்த்து, நீலத்தின்மேல் வெண்பூக்கள் தோன்றச் செய்யும் கைத்தொழிலும் அவ்வூரில் உண்டு. சாயத் துணிக்குப் பெயர்பெற்ற சோழமண்டலக் கரையாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சீகன்பால்குவின் தந்தையார் தானிய வணிகர். பெற்றோர் இருவரையும் அவர் இளமையிலேயே இழந்தார். காமென்ஸ், கொர்லிட்ஸ், ஹாலே எனக் கல்வி அவரை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றது. தரங்கம்பாடிக்கு வந்தபின் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை வரைந்து பழகினார். பிழைக்க வந்த ஊரின் மொழியைச் சந்தையிலும் அலுவலகத்திலும் தட்டுத்தடுமாறிக் கற்ற நமக்கு அக்காட்சி அந்நியமன்று. ஈராண்டுக்குள், 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். மதம் மாற்ற வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை; ஆயினும் தம் மக்களுக்கு நம் நூல்களின் அறத்தை எடுத்துரைத்தவரும் அவரே.

தமிழ் அச்சு அவர்க்கு முன்னரே, 1578இல் கொல்லத்தில், நூல் கண்டது. இருப்பினும் 1713இல் ஹாலேவிலிருந்து வந்த எழுத்துகளைக் கொண்டு 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அவர் அச்சிட்டது பெரும்பணியே. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஹாலேயிலிருந்தோர் வெளியிட விரும்பவில்லை. அது 1867இல் சென்னையிலேதான் அச்சேறிற்று.

1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாம் வயதில் அவர் காலமானார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில், கடலோசை கேட்கும் தொலைவில், அவருடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. புல்ஸ்நிட்ஸில் இன்றும் பணியாரம் சுடுகின்றனர்.