எண்ணெயும் அரப்பும் சவர்க்காரமும்: யாழ்ப்பாணத்து உடற்றூய்மையின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

முகத்தை முதலில் எண்ணெயாலும் பின்னர் நீரோடு கலக்கும் பொருளொன்றாலும் இருமுறை துப்புரவு செய்யும் முறை, 2010களில் கொரிய அழகுசாதனப் பொருள்களின் வழியே உலகச் சந்தையிற் பெருவழக்குப் பெற்றது. இலங்கையின் நகர்ப்புறக் கடைகளிலும் அது ஒரு புதுமையாகவே விற்கப்படுகின்றது. ஆயின், எண்ணெய் பூசி ஊறவிட்டு, அவ்வெண்ணெயை அரப்பினாலும் பயற்றமாவினாலும் போக்கிக் குளிக்கும் வழக்கம் தமிழர் வாழும் வெப்பநிலப் பகுதிகளில் மிகப் பழையதாகும். வீட்டு முற்றத்தில் இருந்த ஒன்று கடல் கடந்த புதுமையாகத் திரும்பி வருவதற்கு இடையில் நிகழ்ந்தது என்ன? அவ்வழக்கம் எல்லோருக்கும் உரியதாக இருந்ததா? இவ்விரு வினாக்களையும் யாழ்ப்பாணச் சமுதாயத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்பவெப்பமும் தேவையும்

ஈரப்பதன் மிக்க காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அது தோலின்மேல் தங்கி, தோற்சுரப்பிகள் கசியவிடும் நெய்ப்பசையோடும் தெருப்புழுதியோடும் கலந்து படலமாகின்றது. வியர்வையின் உப்பை வெறும் நீர் கரைத்துவிடும். நெய்ப்பசையை அது கரைப்பதில்லை. நெய்ப்பசையைக் கரைப்பது இன்னொரு நெய்ப்பொருளே. எனவேதான் எண்ணெய் முதலில் வருகின்றது. ஆனால் எண்ணெயை அப்படியே விட்டால் அதுவே அழுக்கைப் பிடித்துவைக்கும். ஆதலால் அதனை நீக்க இரண்டாவது பொருள் வேண்டும். சீயாக்காயிலும் பூவந்திக் கொட்டையிலும் உள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருள் இப்பணியைச் செய்கின்றது. அதன் மூலக்கூற்றின் ஒரு பகுதி எண்ணெயையும் மற்றொரு பகுதி நீரையும் நாடுவதால், இரண்டையும் இணைத்து எண்ணெயை நீரோடு கழுவிச் செல்ல அது உதவுகின்றது. பயற்றமா நுண்டுகளாக எண்ணெயை உறிஞ்சித் தோலிலிருந்து உதிர்ந்துவிடும். இவ்வேதியியலை நம் முன்னோர் பெயரிட்டு அறிந்திருக்கவில்லை. அதன் பயனை அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதிற் சிறப்பான பொருத்தமொன்று உண்டு. சுண்ணக்கற் படுகையிலிருந்து ஊறும் அதன் கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீராகும். வன்னீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுவதால் நுரை எளிதில் எழுவதில்லை. சப்போனினோ பெரும்பாலும் இவ்வாறு கெடுவதில்லை. மண்ணின் நீருக்கு ஏற்ற பொருளையே மக்கள் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர் எனலாம்.

இலக்கியமும் வழக்கும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை ஒப்பனை செய்யும் பகுதி இவ்வகையில் நோக்கத்தக்கது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரும், மணமூட்டிய நெய்யும் அவள் கூந்தலை ஆட்டுதற்குப் பயன்பட்டதாக இளங்கோ கூறுகின்றார். அப்பொருள்கள் இன்னவை என்பதை அடியார்க்குநல்லார் தம் உரையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றார். நெய்யும் துவரும் இங்கு இணைந்தே வருகின்றன. ஆயினும், இது பெருங்கடல் வாணிகம் நிகழ்ந்த புகார் நகரத்தில், செல்வச் செழிப்பில் வாழ்ந்த ஒரு கணிகையின் ஒப்பனை என்பதை மறத்தலாகாது. பொது மக்களின் நாளாந்தத் தூய்மை பற்றிக் காப்பியம் எமக்கு அதிகம் சொல்வதில்லை.

பொது வழக்கை அறியப் பழமொழியும் நாட்காட்டியுமே உதவுகின்றன. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்னும் பழமொழி, செக்காட்டும் வாணியனின் எண்ணெயை மருந்துக்கு நிகராக வைக்கின்றது. சனிக்கிழமை நீராடலை ஒளவையாரின் ஆத்திசூடி சிறுவர்க்கு விதிக்கின்றது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் முழுக்குக்குரிய நாள்களெனக் கொள்ளப்பட்டன. சித்திரை வருடப்பிறப்பில் மருத்துநீர் வைத்து முழுகும் வழக்கம் ஈழத்துச் சைவர்களிடையே இன்றும் நிலைத்துள்ளது. யாழ்ப்பாணத்து வீடுகளில் நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசி, ஊறியபின், அவித்தரைத்த சீயாக்காயோடு வெந்தயமும் பயறும் தேசிக்காயும் சேர்த்துத் தலைக்குத் தேய்ப்பர். முகத்துக்கும் மேனிக்கும் பயற்றமா. முகத்துக்கெனத் தனியான முறையொன்று அன்று இருக்கவில்லை. முகம் உடலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிச் சந்தையானது பிற்கால நிகழ்ச்சியாகும்.

கிணறும் சாதியும்

இவ்வழக்கத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் கூறாது விடும் ஒன்றுண்டு. எண்ணெய் முழுக்குக்கு எண்ணெய் வேண்டும். அரப்பு அவிக்க விறகும் பெண்ணின் உழைப்பும் வேண்டும். ஊறுவதற்கு ஓய்வு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறைந்த நன்னீர்க் கிணறு வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிணறு நிலத்தோடு சேர்ந்தது. நிலம் சாதியோடு சேர்ந்தது. நிலமற்றிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினரின் கிணற்றில் தாமே நீர் அள்ளும் உரிமை பெற்றிருக்கவில்லை. குடத்தோடு காத்துநின்று, பிறர் அள்ளி ஊற்றுவதைப் பெற்றுச் செல்லவேண்டியிருந்தது. குடிப்பதற்கே காத்திருந்தவர் முழுகுவதற்கு எங்ஙனம் நீர் பெறுவர்?

தூய்மையின்மையைக் காரணங்காட்டியே இம்மக்கள் விலக்கப்பட்டனர்; தூய்மைக்கு வேண்டிய நீரோ அவர்களுக்கு மறுக்கப்பட்டது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று பிறப்பிக்கும் இக்கொடிய வட்டமே தீண்டாமையின் உட்பொறியாகும். பிறரது அழுக்கை அகற்றிய வண்ணாரும், ஒடுக்கப்பட்டோரின் துணிகளை வெளுத்த துரும்பரும் தாமே அழுக்குடையோராகக் கருதப்பட்டமை இதன் உச்சமாகும். தூய்மை என்பது உடலின் நிலையாக அன்றிப் பிறப்பின் நிலையாக வகுக்கப்பட்டிருந்தது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய விலக்குகளைக் குற்றமாக்கிற்று. ஆயினும், சட்டம் தாளில் இருந்தது. கிணறு வளவுக்குள் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும் நிகழ்ந்த போராட்டங்களுமே சட்டத்துக்கு உயிரூட்டின.

சவர்க்காரத்தின் வருகை

சவர் என்பது உவர்ப்பு. உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்தல் சலவைத் தொழிலின் பழைய முறையாகும். ஈழத்தமிழர் இன்றும் வழங்கும் சவர்க்காரம் என்னும் சொல்லின் உறுப்புகள் இவ்வுவர்க்காரத்தின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் ஆலைச் சவர்க்காரம் பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சியின் பிள்ளை. 1791இல் பிரான்சில் லெபிளாங்க் கண்ட சோடா உற்பத்தி முறை அதற்கு வேண்டிய காரத்தை மலிவாக்கிற்று. கொழுப்பினை வழங்கியவை குடியேற்ற நாடுகள். 1880களில் வில்லியம் லீவர் சன்லைற் சவர்க்காரத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது, விலங்குக் கொழுப்போடு தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களும் அதிற் சேர்ந்தன. அதே காலத்தில் இலங்கையின் தென்னந்தோட்டங்களிலிருந்து கொப்பறாவும் தேங்காயெண்ணெயும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. எண்ணெயாகச் சென்றது சவர்க்காரமாகத் திரும்பிற்று. இடையில் ஏறிய விலையே குடியேற்றப் பொருளாதாரத்தின் இலாபமாகும்.

சவர்க்காரத்தோடு ஒரு கருத்தியலும் வந்தது. 1899இல் வெளியான பியேர்ஸ் சவர்க்கார விளம்பரமொன்று, வெள்ளையர் அல்லாத மக்களுக்குத் தூய்மையைக் கற்பிப்பதே வெள்ளையரின் கடமையென உரைத்தது. மாதவியின் துவரும் பயற்றமாவும் அறியாத அந்நாவே நாகரிகம் போதிக்க முற்பட்டது. எனினும், சவர்க்காரத்தை வெறும் ஆதிக்கக் கருவியென ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது. சில சதங்களுக்கு வாங்கக்கூடிய ஒரு துண்டு, விறகும் உரலும் ஓய்வும் இல்லாத உழைப்பாளியின் கைக்கு எட்டிற்று. அதனை விற்ற கடை வாங்குபவன் கையிலிருந்த சதத்தையே நோக்கிற்று. கிணற்றின் பூட்டைச் சவர்க்காரம் திறக்கவில்லை. ஆனால் அரப்பு அவிக்கும் வீட்டின் தனியுரிமையை அது தகர்த்தது.

1938இல் லீவர் நிறுவனம் இலங்கையில் நிறுவப்பட்டது. 1941இல் சுதேசி நிறுவனம் தோன்றி, உள்நாட்டு மணமும் மூலிகையும் கலந்த சவர்க்காரங்களால் அதனோடு போட்டியிட்டது. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரம் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. அதன் அதிபர் க. கனகராசா தம் வருவாயைக் கொண்டு பனம்விதை நடுவதையும் நூல்கள் வெளியிடுவதையும் ஓர் இயக்கமாகவே நடத்தினார். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களில் உள்ளூர்க் கைத்தொழிலுக்கு ஓரளவு மூச்சு இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கையும், 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சியும் வந்தபின் நிலைமை மாறிற்று. முகம் தனிச் சந்தையாயிற்று. 1975இல் இந்தியாவில் அறிமுகமான வெண்மையூட்டும் களிம்பொன்று தென்னாசியா எங்கும் பரவிற்று. எதிர்ப்புகளின் பின் 2020இல் அது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. தூய்மையின் இடத்தை வெண்மை கவர்ந்துகொண்டது. பிறப்பால் அழுக்கென்ற பழைய தீர்ப்பின் இடத்தில் நிறத்தால் அழுக்கென்ற புதிய தீர்ப்பு அமர்ந்தது.

தடையும் மீட்சியும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளோடும் மின்கலத்தோடும் சவர்க்காரமும் அகப்பட்டது. கிடைத்த சிறிதளவும் எட்டா விலைக்கு விற்றது. அரை நூற்றாண்டுப் பழக்கம் சில மாதங்களில் அறுந்தபோது மக்கள் மீண்டும் மரங்களை நாடினர். பனம்பழத்தைப் பிசைந்து துணி வெளுத்தனர். செவ்வரத்தம் இலையைக் கசக்கித் தலைக்கு வைத்தனர். பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் பொருள் சப்போனின் வகையைச் சேர்ந்ததென்பதை இலங்கை விஞ்ஞானிகள் ஆய்ந்து காட்டியுள்ளனர். சீயாக்காயின் நுரையும் பனம்பழத்தின் நுரையும் ஒரே இனத்தவை. கிழவிகளின் நினைவில் மட்டும் எஞ்சியிருந்த அறிவு ஒரு சமுதாயத்தைக் காத்தது.

இதனை மரபின் வெற்றியெனக் கொண்டாடுதல் பொருந்தாது. அம்மீட்சி விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. வறுமையும் முற்றுகையும் திணித்தது. பனம்பழத்தின் மஞ்சட் கறையும் மணமும் ஏறிய சட்டையோடு பள்ளி சென்ற பிள்ளைக்கு அது பெருமையாக இருந்திருக்க முடியாது. ஆயினும், அறிவு அழியாதிருந்தால் மட்டுமே நெருக்கடியில் அது கைகொடுக்கும் என்னும் உண்மை அங்கு புலனாயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரத்தின் விலை ஏறியபோது, அவ்வுண்மை முழு நாட்டுக்கும் ஒருமுறை நினைவூட்டப்பட்டது.

முடிவுரை

எண்ணெய், அதன்பின் அதனை நீக்கும் பொருள் என்னும் இருபடி முறை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வெப்பநிலத்தில் வியர்த்த மனிதர் பல இடங்களில் அதனைக் கண்டடைந்திருத்தல் இயல்பே. எனவே கொரியப் புட்டியைக் கண்டு, இது எம்முடையதென உரிமை கோருதல் பயனற்றது. பயனுள்ள வினா வேறு. யாழ்ப்பாணத்தில் அம்முறை தளர்ந்தமைக்கு அறிவின் குறை காரணமன்று. அது கிணற்றுரிமையோடும் சாதியோடும் பெண்ணின் ஊதியமற்ற உழைப்போடும் பிணைந்திருந்தது, சவர்க்காரமோ இவை யாவற்றையும் தாண்டி மலிவாக வந்தது. ஆகவே அவ்வறிவை மீட்க விழைவோர் அரப்பை மட்டும் மீட்டால் போதும். அரப்பு அவித்த வீட்டின் வேலியை மீட்க வேண்டியதில்லை. நீர் எல்லோர்க்கும் பொதுவாகும்போதுதான் தூய்மை பண்பாடாகும். அதுவரை அது சிலரது சலுகையே.